ஓய்வூதியமும் பினாங்கின் பழைய போராளிகளும்

ஜப்பானிய ஆட்சிக்காலமான 1942இல் வழக்கறிஞர் என். இராகவன் பினாங்கில் நடத்திய சுயராஜ்ய நிறுவனம், அதாவது இந்தியாவுக்குள் இரகசியமாக அனுப்பப்படவிருந்த இளைஞர்களுக்கான பயிற்சிப் பள்ளி, இந்திய தேசிய இராணுவ வரலாற்றின் முன்னுரையாகும். அங்கிருந்து அவ்வாண்டு செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் சென்ற வக்கம் அப்துல் காதர், 1943 செப்டம்பர் 10 அன்று சென்னையில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் நேதாஜியின் அழைப்பை ஏற்று, தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் திரளாகப் படையில் சேர்ந்தனர்.

இவர்களுக்கு இராணுவ ஓய்வூதியம் என ஒன்று கிடைக்கவில்லை. தோற்ற படைக்கு வென்ற அரசு படி அளக்காது என்பது இயல்பே. 1972இல் இந்திய அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம், தொடக்கத்தில் மாதம் 200 ரூபாய் வழங்கியதுடன், இந்திய தேசிய இராணுவத்தினரையும் தன் வரையறைக்குள் ஏற்றது. எனினும் குறைந்தது ஆறு மாதச் சிறைவாசத்தை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும் என்பதும், சிறை ஆவணம் இல்லையெனில் உடன் சிறையிருந்தோரின் சான்றிதழ் வேண்டும் என்பதும், தோழர்களை ஒவ்வொருவராக இழந்துகொண்டிருந்த முதியவர்களுக்குக் கடினமான நிபந்தனைகளாயின. தாயகம் திரும்பியோருக்கே இத்தனை அலைச்சல் என்றால், மலேசியக் குடிமக்களாகிப் பினாங்கின் ஜார்ஜ் டவுனிலேயே தங்கிவிட்டோரின் நிலை இன்னும் பலவீனமானது. அத்திட்டம் இந்தியக் குடிமக்களுக்கென வகுக்கப்பட்டதாகும்.