கழற்றிக் கழுவுவதும் பம்ப் வைத்து அலசுவதும்

ரேடியேட்டரின் மேல்விளிம்பைத் தொட்டால் கை சுடும். கையை அப்படியே கீழே இறக்கினால் தரையை ஒட்டிய நடுப்பகுதி சில்லென்றிருக்கும். பிரிட்டனில் ஒரு குளிர்காலத்தையாவது கழித்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட சங்கதி. மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது என்று பொருள். சிறிய சாவியைத் திருகி வெளியேற்றிவிடலாம். மேலே சுட்டுக் கீழே குளிர்ந்தால் அது சேறு.

சேற்றுக்கு இங்கே இரண்டு வைத்தியங்கள் உண்டு. ரேடியேட்டரைச் சுவரிலிருந்து கழற்றித் தோட்டத்துக்குத் தூக்கிப்போய் ஹோஸ் பைப்பால் கழுவுவது ஒன்று. மற்றது பவர் ஃபிளஷ்: ஒரு பெரிய பம்பைக் கொண்டுவந்து இணைத்து, வீட்டின் ரேடியேட்டர், குழாய் எல்லாவற்றையும் மருந்து கலந்த நீரால் அலசுவது. முதலாவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இரண்டாவதற்குப் பல நூறு பவுண்டு ஆகும். கையில் காசு இருந்தால் அது, இல்லாவிட்டால் இது என்றுதான் பலரும் முடிவு செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் இரண்டும் ஒரே நோய்க்கான மலிவு மருந்தும் விலையுயர்ந்த மருந்தும் என்று நினைப்பது பெரும் பிழை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நான்கில் மூன்று வீடுகளைச் சூடாக்குவது குழாய் எரிவாயுதான். பாய்லரில் சூடாகும் நீரைப் பம்ப் அறை அறையாகத் தள்ளும். ஆறிய நீர் பாய்லருக்கே திரும்பும். அதே நீர்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. அந்த நீர் எஃகு ரேடியேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று மேக்னடைட் என்ற கரிய இரும்பு ஆக்சைடை உண்டாக்குகிறது. நீரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அடர்த்தி கொண்டது அது. ஓட்டம் மந்தமாகும் இடத்தில், அதாவது ரேடியேட்டரின் அடியில் நட்டநடுவே, படிந்துவிடும். ஆக, அந்தச் சேறு வெளியிலிருந்து வந்த அழுக்கு அல்ல. ரேடியேட்டரின் சுவரே கரைந்து விழுந்தது. இந்த வினையில் ஹைட்ரஜனும் பிறக்கிறது. அடிக்கடி சாவியைத் திருகிக் 'காற்று' வெளியேற்றும் வீடுகளில் வெளிவருவது சில வேளைகளில் ஹைட்ரஜன்தான். பக்கத்தில் தீ வைத்திருக்கக் கூடாது.

கழற்றிக் கழுவுவதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். இருபுற வால்வுகளையும் மூட வேண்டும். அதில் ஒன்று, அறைக்கு அறை ஓட்டத்தைச் சரிசெய்து வைத்திருக்கும் வால்வு. எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு வீடு முழுக்கச் சூடு ஏறுக்குமாறாகிவிடும். கம்பளத்தின் மேல் பழைய துண்டுகளை மூன்றடுக்காக விரிக்க வேண்டும். அந்தக் கறுப்பு நீர் பட்ட கறையை எடுக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. தோட்டத்தில் ரேடியேட்டரைத் தலைகீழாக நிறுத்தி, ரப்பர்ச் சுத்தியலால் தட்டித் தட்டி ஹோஸைப் பாய்ச்சினால் முதலில் மை போல, பிறகு சாம்பல் நிறமாக, கடைசியில் தெளிந்து நீர் வரும். என்ன வெளியே போயிற்று என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதுதான் இந்த முறையின் பெரிய பலம். குழாய்களுக்குள் இருப்பதை இது தொடாது. பாய்லரின் வெப்பப் பரிமாற்றிக்குள் ஒட்டியிருப்பதையும் தொடாது.

பவர் ஃபிளஷ் தொடும். அதன் சூட்சுமம் அழுத்தத்தில் இல்லை, ஓட்டத்தில்தான் இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் நிறைய நீரை வேகமாகச் சுற்றவிட்டு, அடிக்கடி திசை மாற்றி, படிந்ததைக் கலக்கி வெளியேற்றுவார்கள். பெரும்பாலும் ஒரு முழு நாள் வேலை. நீர் எப்போதும் எளிய வழியையே தேடிப் போகும் என்பதால், தெரிந்தவர் எல்லா ரேடியேட்டர்களையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து அலசுவார். பத்து ரேடியேட்டர்களையும் ஒன்றாகத் திறந்துவைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு போனால், சுத்தமாக இருந்தவை இன்னும் சுத்தமாகும். அடைத்தவை அடைத்தபடியே கிடக்கும். சுவர் மெலிந்துபோன பழைய ரேடியேட்டரில், அலசிய பிறகு ஊசித்துளை அளவு கசிவு தென்படுவதும் உண்டு. பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓட்டையை அதுவரை சேறுதான் அடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் வேறுபாடு விளங்கும். பழைய பாணி அமைப்பு. பரணில் ஒரு சிறு தொட்டி. குறையும் நீரை அங்கிருந்து 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் ஒன்று இறக்கி நிரப்பும். இன்னொரு குழாய் தொட்டிக்கு மேலே வளைந்து வாய்திறந்து நிற்கும். பவர் ஃபிளஷ் செய்ய வந்தவர் நேர்மையாகவே உழைத்தார். எல்லா ரேடியேட்டரும் அடி முதல் நுனி வரை சுட்டன. மூன்று வாரத்தில் மாடியின் இரண்டு அறைகள் மறுபடி குளிர்ந்தன. சாவியைத் திருகினால் நீர் வரவில்லை; காற்றை உள்ளே உறிஞ்சும் ஓசை கேட்டது.

அடைத்திருந்தது ரேடியேட்டரே அல்ல. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் சுற்றோடு சேரும் மூட்டு. பரண் தொட்டி உள்ள வீட்டில் பவர் ஃபிளஷ் செய்யும்போது அந்தக் குழாய்களைத் தனியே பிரித்து மூடிவிடுவார்கள். திறந்திருந்தால் தொட்டி வழியே நீர் பொங்கிவிடும். எனவே அலசல் போகாத ஒரே இடமாக அது நின்றுவிட்டது. குறைந்த நீருக்கு ஈடாகப் புதுநீர் இறங்காததால் மட்டம் தாழ்ந்து, வாய்திறந்த குழாய் வழியே காற்று நுழைந்திருக்கிறது. காற்றோடு ஆக்சிஜன், ஆக்சிஜனோடு மேலும் அரிப்பு. இதைக் கண்டுபிடித்த முதிய பிளம்பர் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செம்புக் குழாய் நெடுகத் தடவிக்கொண்டே வந்தார். செம்பில் காந்தம் ஒட்டாது. மூட்டுக்கு அருகே ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த ஓரடித் துண்டை வெட்டியெடுத்துப் புதுக்குழாய் பொருத்தினார். வெட்டிய துண்டுக்குள் தீக்குச்சி நுழையக்கூட வழியில்லை.

தமிழில் இரண்டையும் அடைப்பு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் படிந்தது வேறு, முட்டி நிற்பது வேறு. நீர் ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் படிந்ததை ஓட்டத்தால் பெயர்க்கலாம். ஓட்டமே நின்ற இடத்தில் எத்தனை பெரிய பம்பும் வேறு பக்கமாகத்தான் போகும். அங்கே கழற்ற வேண்டும், வெட்ட வேண்டும், கை வைக்க வேண்டும். ஆகவே ஓரிரு ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தால் கழற்றிக் கழுவுவதே என் தேர்வு. அதற்கும் முன், வெப்பம் கட்டுப்படுத்தும் வால்வின் ஊசி சிக்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பேன். வீடு முழுக்க மந்தமாக இருந்தாலோ, புதுப் பாய்லர் பொருத்தப் போவதாக இருந்தாலோ பவர் ஃபிளஷுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. ஹீட் பம்புக்கு மாறுவோருக்கு இது இன்னும் பொருந்தும். அது குறைந்த சூட்டில் நிறைய நீரை ஓட்டி வேலை செய்வதால் சிறு படிவும் உறைக்கும். எரிவாயு தொடர்பான எதையும் கேஸ் சேஃப் பதிவுள்ளவரைத் தவிர யாரையும் தொடவிடக் கூடாது.

இரண்டில் எதைச் செய்தாலும் அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்காமல் விட்டால் செய்த வேலை கரைந்துபோகும். பி.எஸ். 7593 என்ற பிரிட்டன் தரநெறியின் 2019 பதிப்பு, சுற்றில் வடிகட்டி பொருத்தவும், ஆண்டுதோறும் நீரைச் சோதிக்கவும் சொல்கிறது. நாங்கள் காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்தினோம். முதல் ஆண்டு முடிவில் திறந்தபோது காந்தத் தண்டில் விரல் தடிமனுக்குக் கரும்பசை அப்பியிருந்தது. அடுத்த ஆண்டு, துணியால் ஒருமுறை துடைத்தால் போய்விடும் மெல்லிய படலம் மட்டும் இருந்தது.