உயரம் அல்லாஹ் கொடுத்தது, பந்தைக் கொடுத்தது அணி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலை அணித் தெரிவு வந்தால் ஆசிரியர்களாகிய நாங்களும் சரி, பெற்றோரும் சரி, முதலில் பார்ப்பது இரண்டே விஷயம்தான். யார் உயரம்? யார் கூட கோல் போடுவார்? அந்தப் பிள்ளை கிடைத்துவிட்டால் அணி தயார். மற்றவர்கள் எண்ணிக்கையை நிரப்பத்தான் என்று நினைத்துவிடுகிறோம். இது சரியா என்று யோசிக்க, நம் நாட்டுப் பிள்ளை ஒருவரின் வரலாறு போதும்.

யாழ்ப்பாணம் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட 6 அடி 10 அங்குலம். 2009இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் இருந்தவர். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த கோல் ஷூட்டராகத் தெரிவானவர்.

வலைப்பந்து, கூடைப்பந்திலிருந்து பிறந்த விளையாட்டு. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களின் வலைப்பந்தாக மாறியது. இரண்டிலும் வளையம் 10 அடி உயரத்தில்தான். ஆனால் வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்த பந்தை 3 செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும். ஏழு பேரில் இருவர்தான் கோல் போடலாம், அதுவும் வட்டத்துக்குள் நின்று.

அப்படியென்றால் எவ்வளவு உயரமான ஷூட்டர் என்றாலும், பந்தைத் தானாகப் போய் எடுத்துவர அவரால் முடியாது. நடுவிலிருந்து சென்டரும் விங் அட்டாக்கும் எதிரணியின் கைக்கு எட்டாத உயரத்தில், சரியான நேரத்தில் எறிந்தால்தான் அந்த உயரத்துக்கே பெறுமதி.

2009க்குப் பிறகு ஆசியக் கிண்ணம் 9 வருடம் நம் கைக்கு வரவில்லை. 2018இல் சதுரங்கி ஜயசூரிய தலைமையில், திலகா ஜினதாச பயிற்சியில் அணி போனது. இறுதிப் போட்டியில் சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணிலேயே 69க்கு 50 என்று வென்றது. வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களச் சகோதரிகள் பந்தை உயர்த்திக் கொடுத்தார்கள், அவர் வளையத்தில் போட்டார். நாடே கொண்டாடியது.

அடுத்த வருடம் லிவர்பூலில் உலகக் கிண்ணம். தர்ஜினி 348 கோல்கள் போட்டார். அந்தத் தொடரில் உலகத்திலேயே அதிகம் அவர்தான். ஆனால் 16 அணிகளில் இலங்கைக்குக் கிடைத்தது 15ஆவது இடம். அதே உயரம், அதே கை. பலமான நாடுகளுக்கு எதிராக நடுமைதானத்தில் பந்தைக் காப்பாற்றவும், மறுபக்கம் எதிரணியின் ஷூட்டரைத் தடுக்கவும் ஒருவரால் எப்படி முடியும்?

கூடைப்பந்தின் பெரிய நட்சத்திரங்களின் கதையும் இதுதான். நம் சகோதரர் கரீம் அப்துல் ஜப்பார் 1969இல் மில்வாக்கி அணிக்கு வந்தார். 1970இல் ஒஸ்கார் ராபர்ட்சன் வந்து சேர்ந்தார், 1971இல் கிண்ணம் கிடைத்தது. 1975இல் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனவர், 1976, 1977 இரண்டு வருடமும் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார். கிண்ணம் மட்டும் வரவில்லை. 1979இல் மஜிக் ஜோன்சன் என்ற பாஸ் கொடுக்கும் இளைஞர் வந்த பிறகு ஐந்து கிண்ணங்கள்! ரமழானில் நோன்பு பிடித்துக்கொண்டே ஆடிய ஹகீம் ஒலாஜுவானும், 1984இல் ஹூஸ்டன் அணிக்கு வந்து 10 வருடம் காத்திருந்துதான் முதல் கிண்ணத்தைத் தூக்கினார்.

இதை எழுதும்போது எங்களையே கேட்டுக்கொள்கிறோம். பேலியகொடையில் சின்ன இடத்தில் விளையாடிப் பழகும் நம் பிள்ளைகளில், பந்தைச் சரியாகக் கொடுக்கத் தெரிந்த எத்தனை பேரை "கோல் போடத் தெரியாது" என்று வெளியே உட்கார வைத்திருப்போம்? உயரமான மகளை "இவ்வளவு வளர்ந்திட்டா, இனி விளையாட்டு எதற்கு" என்று எத்தனை வீடுகளில் நிறுத்தியிருப்போம்?

பெற்றோரே, அடுத்த முறை பிள்ளை விளையாடிவிட்டு வந்தால் "எத்தனை கோல் போட்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யாருக்குப் பந்து கொடுத்தாய்?" என்றும் கேளுங்கள். அணியைத் தெரிவு செய்யும்போது நாங்களும் அதைக் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.