தாயம்

தரையில் கட்டம் வரைந்து, தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்தும் போட்டி விளையாட்டு. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரி போன்ற நெல்லைச் சீமை ஊர்களில் இதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. கட்டம் போட ஒரு சுண்ணாம்புக்கட்டி, உருட்டச் சோழி அல்லது ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை இருந்தால் போதும்.

உருட்டி ஆடும் பழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. கீழடி அகழாய்வில் சுடுமண், தந்தப் பகடைகள் கிடைத்துள்ளன. சங்க காலத்தில் 'வல்லு' என்ற ஆட்டம் இருந்தது. அதன் பலகையையும் காயையும் தொல்காப்பியம் புணர்ச்சி விதி சொல்லும் இடத்தில் குறிப்பிடுகிறது. பாண்டியன் ஒருவனைப் பாடிய மருதன் இளநாகனார், முதியவர்கள் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன ஊர்மன்றத் தரையில் காட்டுக்கோழி முட்டையிடுவதைக் காட்டுகிறார் (புறநானூறு 52). வல்லுதான் தாயம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உறவு உண்டு என்று மட்டும் கொள்ளலாம். திருக்குறள் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கவறு என்னும் உருட்டுகட்டையையும் சூதாடு களத்தையும் கண்டிக்கிறது. அதே கட்டைதான் வைகுண்ட ஏகாதசி இரவில், கண்விழிக்கும் விரதத்துக்குத் துணையாக வீட்டுக்குள் மரியாதையோடு நுழைந்தது!

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. இரண்டும் வெறுமையானால் 12. ஒன்று விழுந்தால் தாயம். அது விழாமல் காய் இறங்காது. தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். எதிரியின் காயை வெட்டினாலும் இன்னொரு உருட்டல் உண்டு. குறுக்குக்கோடு போட்ட 'மலை'யில் நிற்கும் காயை வெட்ட முடியாது. ஒரு வெட்டாவது வெட்டியவருக்கே உள்சுற்று திறக்கும். நடுக்கட்டம் சேர்ந்த காய் 'பழம்'; எல்லாக் காயையும் முதலில் பழமாக்கியவர் வென்றார். காய்களின் எண்ணிக்கையும் சில விதிகளும் ஊருக்கு ஊர் மாறும்.

விழுந்த எண்களை எந்தக் காய்க்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதில்தான் ஆட்டக்காரரின் கெட்டிக்காரத்தனம் தெரியும். அதிகம் விழுவது 3. அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. எதிரி காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பவர் ஆட்டம் தெரியாதவர்.

தாயத்துக்குப் பங்காளியான வடநாட்டுப் பச்சீசியைச் சுருக்கி, 1896இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை பெற்றார்கள். அதில் காய் இறங்க 6 விழ வேண்டும். ஆறில் ஒரு வாய்ப்பு. தாயம் விழ எட்டில் ஒன்றுதான். இரண்டில் கடினமானது நம்முடையதே.