கல்லறை முதலா? குகை முதலா?

ஏதென்ஸ் மாநகரம். அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவிலே திறந்தவெளி அரங்கம். இளவேனிற்கால விழா. ஆயிரம் ஆயிரமாய் மக்கள் அமர்ந்திருக்கின்றனர். நாடகம் தொடங்குமுன் ஓர் அணிவகுப்பு! போர்க்களத்திலே மாண்டவர்களின் மைந்தர்கள், அரசின் செலவிலே வளர்ந்தவர்கள், வயது வந்த ஆண்டிலே கவசம் பூண்டு ஊரார் முன் வந்து நிற்கின்றனர். தந்தையைப் பறித்த போருக்குத் தனயனும் அணியமாகிவிட்டான் என்று பறைசாற்றும் காட்சி அது!

அத்தகைய அரங்கிற்காகத்தான், கி.மு. 441ஆம் ஆண்டை ஒட்டி, சோபாக்ளீஸ் 'ஆண்டிகனி' நாடகத்தைப் படைத்தார். கவசம் பூண்ட காளையரின் கண்ணெதிரே அவர் காட்ட விரும்பியது என்ன? வெற்றி வாகையா? வீர முழக்கமா? இல்லை! புதைக்கப்படாத ஒரு பிணம்!

தீப்ஸ் நகரத்து அரியணைக்காக உடன்பிறந்தார் இருவர் பொருதனர். ஒருவர் கையால் ஒருவர் மடிந்தனர். ஆட்சியில் அமர்ந்த தாய்மாமன் கிரியோன், நகரைக் காத்தவனுக்கு நல்லடக்கம் என்றும், படையெடுத்து வந்த பாலினீசிசின் உடல் நாய்க்கும் கழுகுக்கும் இரை என்றும் ஆணையிட்டான். மீறினால் மரணம்! மீறினாள் உடன்பிறந்தவள் ஆண்டிகனி. அண்ணன் உடல்மீது மண்ணைத் தூவினாள். உயிரோடு குகையில் அடைக்கப்பட்டாள்.

இந்த நாடகம் வகுப்பறைக்கு எப்படி வந்து சேருகிறது? துன்பியலின் இலக்கணம், தலைவனின் குறை, ஊழின் வலிமை என்று ஏட்டிலே எழுதி, தேர்விலே ஒப்புவித்து, மறுநாளே மறந்துவிடத்தக்க குறிப்புகளாக! பதினைந்து வயது மாணவன் கொட்டாவி விடுகிறான். குற்றம் அவனுடையதா? அன்று! வினாவாகப் பிறந்த நாடகத்தை விடையாக மாற்றி ஊட்ட முனைந்த நம்முடையது. ஆசிரியத் தொழிலிலே அண்மையில் அடியெடுத்து வைத்தவன் என்ற முறையில், அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

வேறு வழி உண்டா? உண்டு. உலகம் காட்டியிருக்கிறது.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துப் பெர்கூசன் நகரில், 18 வயதுக் கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுன் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடுத்தெருவிலே கிடந்தது. புதைக்கப்படாத உடலின் கதை பழங்கதை என்று இனி யார் சொல்ல முடியும்? 2016இல், அவர் படித்த உயர்நிலைப் பள்ளியிலேயே, 'பெர்கூசனில் ஆண்டிகனி' என்ற பெயரில் அந்நாடகம் அரங்கேறியது. பாடற்குழுவிலே காவல்துறையினரும் கிளர்ச்சியாளரும் ஒன்றாக நின்று பாடினர். நாடகம் முடிந்ததும் கூட்டம் கைதட்டிக் கலைந்துவிடவில்லை, அமர்ந்து வாதிட்டது. ஏதென்ஸ் அரங்கம் எதற்காக எழுப்பப்பட்டதோ, அது அங்கே மீண்டும் நிகழ்ந்தது!

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையிலும் இதே நாடகத்தைக் கைதிகள் நடித்தனர். நிறவெறி ஆட்சி 1964இல் வாழ்நாள் சிறைத்தண்டனை விதித்த நெல்சன் மண்டேலா அங்கே ஏற்ற வேடம் எது தெரியுமா? ஆண்டிகனியின் பக்கம் நிற்கும் வேடம் அன்று. கொடுங்கோலன் கிரியோன் வேடம்! அடக்கப்பட்டவர் அடக்குபவனின் நெஞ்சுக்குள் நுழைந்து பார்த்தார். நம் மாணவர்க்கும் அந்தப் பயிற்சி வேண்டும். ஆணையை மீறியவளைப் போற்றுவது எளிது. ஆணையிட்டவனின் வாதத்தை அவன் வாயாலேயே வலுவாக எடுத்துரைத்து, பின்னர் அதைத் தகர்ப்பதே அறிவுக்கு அழகு!

இங்கே ஒரு தடை எழும். "ஆண்டிகனி தேவர்களின் எழுதாச் சட்டத்தைக் காட்டித்தானே வாதிட்டாள்? பகுத்தறிவாளருக்கு அவள் எதற்கு?" என்று நம் தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும்; கேட்பதே நம் மரபு. ஆனால், கிரியோனும் சீயஸ் தேவனைச் சான்றுக்கு அழைத்தே ஆணையிடுகிறான் என்பதை மறந்துவிடலாகாது. இரு தரப்பாருக்கும் துணையாகத் தேவர்களே அழைக்கப்பட்டால், தீர்ப்பு வழங்குவது யார்? மனிதனின் அறிவுதான்!

அந்த அறிவின் குரலாக வருகிறான் ஓர் இளைஞன்: கிரியோனின் மகன் ஹீமோன், ஆண்டிகனிக்கு மணம் பேசப்பட்டவன். அறிவே மனிதனின் தலையாய செல்வம் என்று தொடங்குகிறான். அது தேவர்கள் தந்தது என்ற அந்நாளைய நம்பிக்கையோடுதான் சொல்கிறான். எனினும், தந்தை முன் அவன் வைப்பது வேண்டுதல் அன்று, வாதம்! மக்கள் அவளுக்காக மறைவிலே வருந்துகிறார்கள், அஞ்சி வாய்மூடி இருக்கிறார்கள் என்று எடுத்துரைக்கிறான். தந்தையோ, இந்த வயதுக்காரனிடமா நான் பாடம் கேட்பது என்று சீறுகிறான். வயதைப் பாராதே, சொல்லின் தகுதியைப் பார் என்கிறான் மகன். பதினைந்து வயது நெஞ்சம் நாடகத்துக்குள் நுழைய இதைவிட அகன்ற வாயில் வேறு உண்டோ?

இறுதியில் கிரியோன் மனம் மாறுகிறான். குகையிலிருந்து பெண்ணை விடுவி, பிணத்துக்குக் கல்லறை எழுப்பு என்று முதியோர் வழி கூறுகின்றனர். அவன் செய்ததோ வேறு! முதலில் பிணத்தைத் தேடிப் போனான். கழுவினான், எரித்தான், மண்மேடு எழுப்பினான். அதன் பிறகே குகைக்கு விரைந்தான். அதற்குள் ஆண்டிகனி தூக்கிலே தொங்கிவிட்டாள். ஹீமோன் தன் வாளுக்கே இரையானான். செய்தி கேட்ட அரசியும் உயிர்துறந்தாள்.

ஊழ் செய்த கொலையா இது? இறந்தவனுக்குச் சடங்கு முதலில், இருப்பவளுக்கு விடுதலை பிறகு என்று ஒரு மனிதன் வகுத்த வரிசை செய்த கொலை! முதலில் குகைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் விலகி நிற்கட்டும். மாணவர் வாதிடட்டும்; தம் காலத்துக் குகைகள் எவை, அவற்றில் அடைபட்டோர் யார் என்று அவர்களே பட்டியலிடட்டும்.

மாண்டவர்க்கு மணிமண்டபம் எழுப்பும் கைகள் பல. உயிரோடு அடைபட்டிருப்போரின் கல்லைப் பெயர்க்கும் கைகளே இன்று தேவை. அந்தக் கைகள் வகுப்பறையிலே வளரட்டும்!