கோழிக்கூடும் கொல்லாமையும்

கோழி தமிழருக்கு நேற்று வந்த உயிரன்று. முருகப் பெருமானின் கொடியிலே சேவல் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் சேவலுக்கே நடுகல் எடுத்திருக்கிறார்கள். இவை ஐந்து, ஆறாம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் என்பர் அறிஞர். இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. சண்டையில் இறந்த சேவலைப் பேர் சொல்லிக் கல்லில் வெட்டிய இனம் நம் இனம்.

அப்படி வளர்த்த கோழியை நரியோ, கீரியோ, காட்டுப் பூனையோ கவ்விக்கொண்டு போனால் என்ன செய்வது? அந்த விலங்கைக் கொல்லலாமா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் நடுகல் நட்டவர்கள், சமண ஆசாரியர்கள், வெள்ளைக்காரர்கள், இன்றைய அரசாங்கம் என எல்லோரும் ஒவ்வொரு காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நந்திதுர்க் லைன்களில்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் நந்திதுர்க்கும் ஒன்று என்பது இங்குள்ளோர் அறிந்ததே. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வடஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து நம் மக்கள் இங்கே வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஊரிலிருந்து வந்தபோதே கோழி வளர்க்கும் பழக்கத்தையும் கொண்டு வந்துவிட்டார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் நின்ற வீடுகளில் ஆடும் கோழியும்தான் கைச்செலவுக்குக் காசு தந்தன. ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் புதர் மண்டியது. புதரோடு கீரியும் நரியும் வந்தன.

நான் அரிசி வியாபாரி. முட்டையும் தொடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கடைக்கு வந்த ஒரு அம்மா, கணவரை இழந்தவர், என்னிடம் நேராகவே கேட்டார்: "அண்ணா, உங்களுக்குக் கோழி வேணாம், முட்டை வேணாம். கீரி மேல இரக்கப்படறது உங்களுக்குச் சுலபம். ஒரே வாரத்துல நாலு கோழி போச்சு. பொண்ணு ஃபீஸை யாரு கட்டுவா?"

நியாயமான கேள்வி. வயிற்றுப் பிழைப்பு கேட்கிற கேள்விக்கு வெறும் உபதேசம் பதிலாகாது. அந்த வாரமே லைன் பையன்கள் சிலர் கோழிக் குடலில் விஷம் கலந்து புதர் ஓரம் வைத்தார்கள். மறுநாள் காலையில் செத்துக் கிடந்தவை இரண்டு நாய்களும் ஐந்தாறு காக்கைகளும். ராத்திரி குரைத்துக் காவல் காத்த நாய்கள் அவை. கீரி அதற்குப் பிறகும் வந்தது.

கல் சொல்லும் செய்தி

கங்கர்கள் ஆண்ட காலத்தில் குவலாலபுரம் என்று வழங்கிய ஊர்தான் கோலார். பின்னர் சோழர் ஆட்சியில் இந்தப் பகுதி நிகரிலிச் சோழ மண்டலம் ஆனது. கோலாரம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. லூயிஸ் ரைஸ் துரை 1905ல் கோலார் மாவட்டக் கல்வெட்டுகளைத் தனித் தொகுதியாக வெளியிட்டார். அதைப் புரட்டினால் வீரக்கற்கள் ஏராளம். ஆநிரை மீட்டு மாண்டவன், ஊரைக் காத்து மாண்டவன் என்று ஒவ்வொரு கல்லும் ஒரு சாவைச் சொல்லும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் புலியோடு பொருது இறந்தவருக்கு எடுத்த புலிக்குத்திக் கற்களும் உண்டு.

விலங்குக்கு எடுத்த கல்லும் உண்டு. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. மாண்டியா மாவட்டம் ஆதகூர்க் கல்வெட்டு கி.பி. 949-50ஐச் சேர்ந்தது. காளி என்னும் வேட்டை நாய் பெரிய காட்டுப் பன்றியோடு மோதி, இரண்டும் இறந்ததை அது கூறும்.

இவற்றில் ஒரு பொதுத் தன்மை ஈண்டு நோக்கத்தக்கது. கல்லில் பேர் பெற்றவர்கள் எல்லோரும் எதிரே நின்றவர்கள், தன் உயிரையும் பணயம் வைத்தவர்கள். மறைவில் விஷம் வைத்தவனுக்கு நடுகல் எடுத்ததாக நான் இதுவரை பார்த்ததில்லை.

சமண நூல்களின் விசாரணை

நம் தமிழ்ச் சமணர் இல்லறத்தாருக்கு ஹிம்சையை நான்காகப் பிரிப்பர். சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. உழவு, வியாபாரம் போன்ற தொழிலில் நேர்வது உத்யோகி. தாக்க வருபவரைத் தடுக்கும்போது நேர்வது விரோதி. கொல்ல வேண்டும் என்றே நினைத்துக் கொல்வது சங்கல்பி. முதல் மூன்றையும் இல்லறத்தான் முழுதும் தவிர்க்க முடியாது, குறைத்துக்கொள்ள வேண்டும். நான்காவதை அறவே விட வேண்டும். அரிசி மூட்டையும் எலியும் ஒரே கூரையின் கீழ் இருக்க, நாற்பது வருஷம் கடை நடத்தியவனுக்கு இந்தப் பிரிவின் அருமை நன்றாகவே தெரியும்.

பத்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயம் என்ற வடமொழி நூலில் நம் கேள்வியையே எடுத்துக்கொள்கிறார். கொடிய விலங்கு ஒன்றைக் கொன்றால் பல உயிர் பிழைக்குமே என்பது ஒரு வாதம். அது உயிரோடு இருந்தால் மேலும் மேலும் பாவம் சேர்க்குமே, கொல்வது அதற்கே நன்மைதானே என்பது இன்னொரு வாதம். இரண்டையும் அவர் ஒப்பவில்லை. தர்மத்தைக் கூட்டல் கழித்தல் கணக்காகப் போட ஆரம்பித்தால் எந்தக் கொலைக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும் என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பொருள்.

ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிர்ப்பலிக்கு மனமில்லாத யசோதரன், தாயின் சொல்லுக்காக மாவினால் செய்த கோழியைப் பலி கொடுக்கிறான். மாக்கோழிக்கு உயிரில்லை. ஆனாலும் கொல்லும் எண்ணம் இருந்தது. அதனாலே தாயும் மகனும் மயில், நாய், பாம்பு, ஆடு எனப் பல பிறவி எடுத்து, கடைசியில் கோழிகளாகவே பிறந்து அம்பினால் சாகிறார்கள். கை செய்ததைவிட மனம் நினைத்ததற்கே அங்கே தண்டனை.

தலைக்கு விலை வைத்த காலம்

அமிர்தசந்திரர் மறுத்த கணக்கை ஆங்கில ஆட்சி அரசாங்கத் திட்டமாகவே ஆக்கியது. கொடிய விலங்குகளின் தலைக்கு இவ்வளவு என்று இனாம் அறிவித்தார்கள். 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் இனாமுக்காக 80,000க்கும் மேல் புலிகள், 1,50,000க்கும் மேல் சிறுத்தைகள், 2,00,000 ஓநாய்கள் கொல்லப்பட்டன என்பது வரலாற்று அறிஞர் மகேஷ் ரங்கராஜன் தரும் கணக்கு. இவற்றில் எத்தனை ஆட்டையோ மாட்டையோ தொட்டவை என்று யாரும் விசாரிக்கவில்லை. தோலைக் காட்டினால் காசு.

அக்காலத்திலேயே மாற்றுக் குரலும் எழுந்தது. மைசூர் அரசில் யானை பிடிக்கும் அதிகாரியாக இருந்த சாண்டர்சன், 1878ல் வெளியிட்ட தன் நூலில், பயிரை மேயும் மானையும் பன்றியையும் புலி கட்டுக்குள் வைக்கிறது, அதை முழுத் தீமை என்று சொல்ல முடியாது என்று எழுதினார். அவரே பெரிய வேட்டைக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் சொல்வது

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில்கூட முதலில் நரி, காக்கை, எலியோடு சேர்ந்து தீங்குயிர்ப் பட்டியலில்தான் இருந்தது. பின்னரே பாதுகாப்பு கிடைத்தது. ஓவியத் தூரிகை மயிருக்காகக் கொல்லப்பட்டு வந்த கீரிக்கு 2002ல் பாதுகாப்பு கூடியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது தீங்குயிர்ப் பட்டியலே நீங்கிவிட்டது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் குற்றமில்லை என்கிறது பதினொன்றாம் பிரிவு. அந்த விலக்கு மனித உயிருக்குத்தான். கோழிக்காக நாமே தீர்ப்பு வழங்கி விஷம் வைக்க அதில் இடமில்லை.

நமக்கு ஆகும் வழி

கல்லும் நூலும் சட்டமும் வெவ்வேறு காலத்தவை. ஆனால் காப்பது வேறு, பழி வாங்குவது வேறு என்பதில் மூன்றும் ஒத்துப் போகின்றன. கூட்டுக்குள் புகுந்த நரியைக் கம்பெடுத்து விரட்டுவது காவல். அந்த மோதலில் அதற்கு அடி பட்டாலும் அது விரோதி ஹிம்சையில் சேரும். கோழி போன மறுநாள், எந்த விலங்கு என்றே தெரியாமல், புதரில் கண்ணியும் விஷமும் வைப்பது சங்கல்பி. அது கோழியைக் காப்பதும் இல்லை. ஒரு கீரி போன இடத்துக்கு இன்னொரு கீரி வரும். அது பிடிக்கிற எலியும் பாம்பும் வேறு பெருகும்.

கோழியை நாமும் அறுக்கிறோம், கீரியும் கடிக்கிறது. சாப்பிடுகிறவர்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. கீரி பசிக்குச் செய்வதைக் குற்றம் என்று தண்டிக்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

கோழியைக் கூட்டில் அடைத்து வளர்க்க ஆரம்பித்தவன் மனிதன். காட்டில் இருந்தால் அது மரக்கிளையில் ஏறித் தூங்கும். அந்த வழியை அடைத்தபின் அதன் ராத்திரிக் காவல் நம் பொறுப்பு. பொழுது சாயும் முன் கோழிகளை எண்ணி அடைப்பது, கூட்டின் அடியில் கல் பாவுவது, நெருக்கமான கம்பி வலையை மண்ணுக்குள்ளும் இறக்கிக் கட்டுவது, பஞ்சாரத்தின் மேல் கல் வைப்பது, பருந்து வட்டமிடும் நேரத்தில் குஞ்சுகளை வெளியே விடாமல் இருப்பது, குடல் கழிவுகளைப் புதரில் வீசாமல் புதைப்பது, நாய்க்கு ஒரு கவளம் சோறு போடுவது. இவையெல்லாம் நம் பாட்டிமார் அறிந்த வேலைகள். வலை வாங்க வசதியில்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கித் தரலாம். விஷத்துக்கு ஆகும் காசைவிட அதிகம்தான். ஆனால் அது ஒரு முறைச் செலவு, பல வருஷம் நிற்கும்.

கொல்லாமை என்பது கையைக் கட்டிக்கொண்டு இழப்பைப் பார்த்திருப்பது அன்று. கொல்ல வேண்டிய நிலை வராதபடி முன்கூட்டியே உழைப்பது. அந்த உழைப்பைச் செய்யாமல் விலங்கின் மேல் பழி போடுவது நம் முன்னோர் காட்டிய வீரமும் ஆகாது, அறமும் ஆகாது. சிந்திப்போமாக.