வானிலிருந்து இறங்கிய மருத்துவர்கள்: இந்தியப் பாராசூட் படையின் தொடக்க ஆண்டுகள்

1940 மே மாதத்தில் பெல்ஜியத்தின் எபன் எமால் கோட்டையையும் அடுத்த ஆண்டு மே மாதத்தில் கிரீட் தீவையும் ஜெர்மானியப் படையினர் வான்வழியே இறங்கிக் கைப்பற்றியதைக் கண்ட பிரிட்டன், தன் நாட்டில் தொடங்கியிருந்த பாராசூட் பயிற்சியை இந்தியாவுக்கும் விரிவாக்கியது. அதன் விளைவாக 1941 அக்டோபரில் டெல்லியில் 50-ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேடு உருவானது. பல பட்டாலியன்கள் ஒரே தலைமையில் இயங்கும் படைத்தொகுதியே பிரிகேடு எனப்படும். இந்தப் பிரிகேடில் 151 பிரிட்டிஷ், 152 இந்திய, 153 கூர்க்கா என மூன்று பட்டாலியன்கள் இருந்தன.

இப்படையின் வரலாறு பெரும்பாலும் தாக்குதல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆனால் காலவரிசையைக் கூர்ந்து நோக்கினால், அதன் தொடக்கத்திலும் விடுதலைக்குப் பின் வந்த கொரியப் போரிலும் முன்னணியில் நின்றவர்கள் மருத்துவர்கள் என்பது தெளிவாகிறது. பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களாகப் பதிவு பெற்ற இருவருள் ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் 152-ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரி ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். காயமுற்றவரைக் காக்க வேண்டியவர் படைவீரர் இறங்கும் இடத்திலேயே இறங்கியாக வேண்டும் என்பதால், பாராசூட் படையில் மருத்துவருக்கும் படைவீரருக்கும் பயிற்சி ஒன்றாகவே அமைந்தது.

அப்பயிற்சி எளிதாக இருக்கவில்லை. டெல்லியின் வில்லிங்டன் விமான நிலையத்தில், அதாவது இன்றைய சஃப்தர்ஜங்கில், அமைந்த பயிற்சிப் பள்ளிக்குத் தொடக்கத்தில் கிடைத்தவை வலென்ஷியா என்னும் பழைய இரட்டை இறக்கை விமானங்களே. அவற்றின் தரையில் வெட்டப்பட்ட துளை வழியாக வீரர்கள் குதித்தனர். விமானத்தோடு பிணைக்கப்பட்ட கயிறு, வீரர் விழும் வேகத்தில் இழுபட்டுக் குடையை உறையிலிருந்து வெளியே எடுத்து விரியச்செய்யும்; வீரர் தம் கையால் எதையும் இழுக்கத் தேவையில்லை. கான்பூரில் பாராசூட் உற்பத்தி நிலைபெறும் வரை குடைகளுக்கும் தட்டுப்பாடு நீடித்தது.

1942-இல் பயிற்சிப் பள்ளி ராவல்பிண்டியை அடுத்த சக்லாலாவுக்கு மாறியது. அதே ஆண்டில் சிந்து மாகாணத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஹூர் கிளர்ச்சியாளர்களைத் தேடும் பணியில் இப்படையின் ஒரு பகுதி வானிலிருந்து இறக்கப்பட்டது. ஓர் இந்தியப் பாராசூட் படையின் முதல் நடவடிக்கைகளுள் ஒன்று இந்திய மண்ணில் வாழ்ந்த மக்களுக்கு எதிராகவே அமைந்தது என்பதை வரலாறு எழுதுவோர் விரைந்து கடந்துவிடலாகாது. அது அந்நிய ஆட்சியின் படை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

1944 மார்ச்சில் இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி முன்னேறிய ஜப்பானியரை மணிப்பூரின் சாங்ஷாக் கிராமத்தில் இப்பிரிகேடு எதிர்கொண்டபோது, அது பாராசூட்டில் இறங்கவில்லை. சாதாரணக் காலாட்படையாகவே போரிட்டது. பதுங்குகுழி வெட்ட முடியாத பாறை நிலம், குடிநீர்ப் பஞ்சம், விமானங்கள் வீசிய பொருள்களில் பெரும்பகுதி எதிரியின் கைக்குச் சென்ற அவலம் ஆகியவற்றுக்கிடையே பாராசூட் கள மருத்துவப் பிரிவு இயங்கியது. மார்ச் 26 இரவில் பின்வாங்கும் ஆணை வந்தது. ஆயினும் அங்கே கிடைத்த சில நாள் தாமதம் கோஹிமாவின் தற்காப்புக்குப் பெருந்துணையாயிற்று. பாராசூட்டைக் கொண்டு நிகழ்ந்த பெரிய தாக்குதல் அடுத்த ஆண்டில்தான் வாய்த்தது: 1945 மே 1 அன்று ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள எலிஃபன்ட் பாயின்ட்டில் கூர்க்கா பாராசூட் வீரர்கள் இறங்கினர். 1947-இல் நாடு பிரிந்தபோது வான்வழிப் படையும் இரண்டாகப் பிரிந்தது. 50-ஆவது பிரிகேடு இந்தியாவுக்கு வந்தது.

1950-இல் கொரியப் போர் மூண்டபோது, நேரு அரசு போரிடும் படையை அனுப்ப மறுத்து, 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஃபீல்டு ஆம்புலன்ஸ்’ என்பது ராணுவ வழக்கில் வண்டியைக் குறிப்பதன்று. போர்முனைக்கு அருகில் அறுவை சிகிச்சை வரை செய்யவல்ல நடமாடும் மருத்துவமனையைக் குறிப்பது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கொண்ட அப்பிரிவுக்கு, அப்போது லெப்டினன்ட் கர்னலாக இருந்த ரங்கராஜ் தலைமை தாங்கினார். நவம்பரில் கொரியா சேர்ந்த சில நாள்களிலேயே சீனப் படையின் பெருந்தாக்குதலால் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. மருத்துவக் கருவிகளை ஏற்ற வாகனம் இல்லாத நிலையில், அவற்றை அழித்துவிட்டுச் செல்ல மனமின்றி, ஒரு பழைய நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்துத் தாங்களே ஓட்டி, மருத்துவமனை முழுவதையும் தெற்கே கொண்டுவந்து சேர்த்தனர். போர்முனை மருத்துவத்தில் கருவியை இழந்த மருத்துவரால் ஆவது சிறிதே என்பதை அறிந்தவர்களின் முடிவு அது.

1951 மார்ச் 23 அன்று முன்சான்-னி என்னுமிடத்தில் அமெரிக்காவின் 187-ஆவது வான்வழிப் படைத்தொகுதி குதித்தபோது, அதனுடன் ரங்கராஜ் உள்ளிட்ட சிறு இந்திய மருத்துவக் குழுவும் குதித்தது. தாக்குவதற்காக அன்றி, காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிப்பதற்காகவே விடுதலை பெற்ற இந்தியாவின் பாராசூட் வீரர்கள் அந்தப் போர்க்களத்தில் இறங்கினர் என்பது இவ்வரலாற்றில் உரிய இடம் பெற வேண்டிய செய்தி. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

அப்போரில் எதிரணியில் நின்ற சீனாவின் பாராசூட் வரலாறும் அந்நியத் துணையோடு தொடங்கியதே. கம்யூனிஸ்டுகளுக்கு முன் அந்நாட்டை ஆண்ட குவோமிந்தாங் அரசின் பாராசூட் வீரர்களுக்கு இரண்டாம் உலகப் போரின் இறுதியில் குன்மிங்கில் அமெரிக்கர் பயிற்சி அளித்தனர். மக்கள் விடுதலைப் படை தன் முதல் வான்வழிப் பிரிவை 1950-இல்தான் அமைத்தது. கொரியாவில் காலாட்படையாகப் போரிட்ட அதன் 15-ஆவது படைப்பிரிவு 1961-இல் வான்வழிப் படையாக மாற்றப்பட்டது. பட்டாலியன் அளவில் இந்தியா நடத்திய பாராசூட் தாக்குதல் அதற்கும் பத்தாண்டு கழித்து, 1971 டிசம்பர் 11 அன்று வங்கதேசத்தின் டாங்கைலில் நிகழ்ந்தது.

ரங்கராஜ் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பணிபுரிந்தார். அவர் தலைமை தாங்கிய பிரிவு, 60-ஆவது பாராசூட் கள மருத்துவமனை என்னும் பெயரில் ஆக்ராவில் இன்றும் இயங்குகிறது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இஸ்கெண்டெருன் நகரில் மருத்துவமனை அமைத்துச் சிகிச்சை அளித்தது அப்பிரிவே.