வீட்டுத் திரையரங்குக் கணினி

வீட்டுத் திரையரங்குக் கணினி என்பது தொலைக்காட்சிப் பெட்டியுடனும் ஒலிபெருக்கிகளுடனும் இணைக்கப்பட்டு, படங்களைக் காட்டவும், ஒளிபரப்பைக் குறித்த நேரத்தில் தானே பதிவு செய்யவும் பயன்படும் கணினி ஆகும். முன்பு விசிஆர் கருவி நாடாவில் செய்த வேலையை இது வன்தட்டில் செய்கிறது. அமெரிக்காவில் 1999-இல் வெளிவந்த டிவோ கருவி இவ்வகைப் பதிவைப் பரவலாக்கியது. 2002-இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மித்டிவி என்னும் கட்டற்ற மென்பொருள், சாதாரணக் கணினியையே அத்தகைய கருவியாக மாற்றியது. மைக்ரோசாப்டின் மீடியா சென்டரும் அதே ஆண்டில் வந்தது. 2015-இல் வெளியான விண்டோஸ் 10-இல் அது நீக்கப்பட்டது.

பதிவு முறை

இந்தியாவின் ஒப்புமை ஒளிபரப்பு 625 வரிகளும் நொடிக்கு 25 சட்டகங்களும் கொண்ட பால் முறையைச் சார்ந்தது. இதனைக் கணினிக்குள் கொண்டுவர டிவி டியூனர் அட்டை தேவை. பிடி878 சில்லு கொண்ட மலிவான அட்டைகளில் படத்தைச் சுருக்கும் சுமை முழுவதும் கணினியின் செயலி மீது விழும். ஹாபாஜ் நிறுவனத்தின் பிவிஆர்-150 போன்றவை எம்பெக்-2 வடிவில் தாமே சுருக்கித் தரும். நொடிக்கு 4.5 மெகாபிட் வீதத்தில் ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 2 கிகாபைட் ஆகும். மூன்று மணிநேரத் தமிழ்த் திரைப்படம் 6 கிகாபைட்டைத் தொடும். ஃபேட்32 வடிவில் அமைந்த வன்தட்டில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாது என்பதால், பதிவு இரண்டு மணிநேரத்திலேயே நின்றுவிடும்.

சென்னையும் செட்டாப் பெட்டியும்

கட்டண அலைவரிசைகளை மறையாக்கி, செட்டாப் பெட்டி வழியாக மட்டும் காட்டும் முறை சென்னையில் 2003 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2012-இல் தொடங்கிய எண்ணிம மயமாக்கத்திற்குப் பின் எல்லா அலைவரிசைகளுக்கும் பெட்டி தேவையாயிற்று. இதனால் டியூனர் அட்டை அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்தது. பெட்டி எதைக் காட்டுகிறதோ அதையே பதிய முடியும்.

இதற்குத் தீர்வாகக் கணினியே தொலையியக்கியாக நடிக்கிறது. கணினியுடன் இணைத்த அகச்சிவப்பு எல்இடி ஒன்றைப் பெட்டியின் முன்புறத்தில் ஒட்டிவிட்டு, லிர்க் என்னும் மென்பொருள் மூலம் அலைவரிசை எண்ணை அனுப்பலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் இயக்கவும் அணைக்கவும் ஒரே பொத்தான் இருப்பதால், பெட்டி எந்நிலையில் உள்ளது என்பதைக் கணினி அறியாது. ஏற்கெனவே இயங்கும் பெட்டிக்கு அக்குறிகை சென்றால் அது அணைந்து, வெற்றுத் திரையே பதிவாகும். எனவே பெட்டியை எப்போதும் இயங்கவிட்டு, எண்களை மட்டும் அனுப்புவதே நல்லது.

தூர்தர்சன் 2004 டிசம்பரில் தொடங்கிய இலவச வீட்டுநேரடிச் சேவை (தற்போது டிடி ஃப்ரீ டிஷ்) இதற்கு விலக்கு. மறையாக்கப்படாத அதன் அலைவரிசைகளைச் செயற்கைக்கோள் அட்டை நேரடியாகவே பெறும். பெட்டியும் எல்இடியும் வேண்டியதில்லை. 93.5 பாகை கிழக்கில் நிற்கும் அதன் செயற்கைக்கோளைக் காண, பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தில் வைக்கும் தட்டு தென்கிழக்கே ஏறத்தாழ 68 பாகை உயரத்தை நோக்க வேண்டும். டிடி தமிழ் இதில் கிடைக்கும். சன் தொலைக்காட்சி போன்ற கட்டண அலைவரிசைகள் கிடைக்கா.

நேர ஒழுங்கு

லினக்சில் கிரான் என்னும் நிரல் குறித்த மணிக்குப் பதிவைத் தொடங்கும். அணைந்திருக்கும் கணினியைத் தாய்ப்பலகையின் கடிகாரம் எழுப்பும். அக்கடிகாரம் ஒருங்கிணைந்த சர்வதேச நேரத்தில் ஓடினால், இரவு 8.30 நிகழ்ச்சிக்கு 15.00 எனக் குறிக்க வேண்டும். ஐந்தரை மணிநேர வேறுபாட்டை மறந்தால் கணினி நள்ளிரவு தாண்டி 2 மணிக்குத்தான் விழிக்கும்.

மின்வெட்டே பெரிய இடையூறு. 2012-இல் சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரமும், மாநிலத்தின் பிற பகுதிகளில் அதைவிட நெடுநேரமும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானே இயங்குமாறு பயாசில் அமைக்கலாம். பெட்டியோ மீண்டும் முகப்பு அலைவரிசையில் போய் நிற்கும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் முன் எண்ணை அனுப்பியாக வேண்டும்.

ஒலிக் கட்டுப்பாடு

பிடி878 அட்டைகள் பலவற்றில் ஒலி ஒரு சிறு கம்பி வழியாக ஒலி அட்டைக்குச் செல்கிறது. அந்த உள்ளீடு அடைக்கப்பட்டிருந்தால் படம் மட்டும் ஊமையாகப் பதிவாகும். எனவே பதிவுக்கு முன் ஏமிக்சர் கட்டளையால் உள்ளீட்டையும் அதன் அளவையும் நிரலே அமைப்பது வழக்கம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலியைத் தாழ்த்தவும் இதே கட்டளை உதவும். ஆனால் டால்பி ஒலியை மாற்றாமல் பெருக்கிக்கு அனுப்பும்போது கணினியின் ஒலியளவு வேலை செய்யாது. பெருக்கிக்கும் அகச்சிவப்புக் குறிகைதான் வழி.

விளம்பரங்கள் உரக்க ஒலிப்பதற்குக் காரணம், உச்ச அளவு மாறாமல் சராசரி அளவு உயர்த்தப்படுவதே. மிகையான உரப்பு கூடாது என இந்தியக் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளின் 7-ஆம் விதி கூறுகிறது. பதிந்த கோப்பில் உரப்பை அளந்து சமன்படுத்தலாம். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் இதற்கான ஆர்128 பரிந்துரையை வெளியிட்டது.

சட்டநிலை

பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடு என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் பீட்டாமேக்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டிற்கான நியாயமான கையாளலுக்கு விலக்களிக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65அ பிரிவு, உரிமைகளை மீறும் நோக்கில் தொழில்நுட்பப் பாதுகாப்பை முறியடிப்பதைக் குற்றமாக்கியது. பெட்டியின் ஒப்புமை வெளியீட்டைப் பதியும்போது மறையாக்கம் எதுவும் உடைக்கப்படுவதில்லை.